பகா எண் + பகா வர்க்கம்: ஓர் எண்ணைப் பிரித்துப் பார்க்க முழுமையான வழிகாட்டி

100-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு பகா எண்ணும், ஒரு பகா எண்ணின் வர்க்கமும் சேர்ந்த கூட்டாக எழுத வேண்டும். 2²-ஐக் கழித்தால் 96. 3²-ஐக் கழித்தால் 91. பார்த்தால் பகா எண் போலத்தான் இருக்கும், ஆனால் அது 7 × 13. 5²-ஐக் கழித்தால் 75. 7²-ஐக் கழித்தால் 51, அதாவது 3 × 17. அடுத்தது 11² = 121, எல்லை தாண்டிவிட்டது. 100 தேறவில்லை.

இப்போது 102. அதிலிருந்து 7²-ஐக் கழித்தால் 53, பகா எண். 102 = 53 + 7², வேலை முடிந்தது. 98-க்கு வந்தால் இன்னும் தாராளம்: 89 + 3² என்றும் எழுதலாம், 73 + 5² என்றும் எழுதலாம்.

பக்கத்துப் பக்கத்து எண்கள்தான், ஆனால் ஒன்றுக்குக் கிடைத்தது மற்றொன்றுக்குக் கிடைக்கவில்லை. இது தற்செயல் இல்லை. 100 தேறாமல் போனதற்கு ஒன்றல்ல, இரண்டு தனித்தனிக் காரணங்கள் இருக்கின்றன. அந்த இரண்டையும் புரிந்துகொண்டால் இந்தத் துறையின் பாதி கைக்கு வந்துவிடும். அதனால் இந்த வழிகாட்டியில் முதலில் கையால் தேடுவோம், பிறகு எத்தனை விடை வரும் என்று முன்கூட்டியே மதிப்பிடுவோம், அதற்கப்புறம் எது நிறுவப்பட்டது, எது இன்னும் ஊகம் என்பதற்குப் போவோம். ஒரு நோட்டும், 1000 வரையிலான பகா எண் பட்டியலும் போதும். கடைசிப் படிக்கு மட்டும் கணினி வேண்டும்.

குறியீடு எளிமையாக இருக்கட்டும். நாம் பிரிக்கப் போகும் எண் 'எ'. பகா எண் 'ப'. வர்க்கமாக்கப்படும் பகா எண் 'வ'. நாம் தேடுவது எ = ப + வ². 1 பகா எண் இல்லை என்பதை மறக்க வேண்டாம். புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். 1² என்று எழுதிக் கணக்கை முடித்துவிட்டால் அது விடை ஆகாது.

படி 1: ஒற்றையா, இரட்டையா?

2-ஐத் தவிர எல்லாப் பகா எண்களும் ஒற்றைப்படை. ஒற்றைப்படை எண்ணின் வர்க்கமும் ஒற்றைப்படை. ஒற்றையும் ஒற்றையும் சேர்ந்தால் இரட்டை. ஆகவே எ ஒற்றைப்படையாக இருந்தால் ப, வ இரண்டில் ஒன்று 2-ஆக இருந்தே தீர வேண்டும். அப்படியானால் பார்க்க வேண்டியவை இரண்டே: எ − 4 பகா எண்ணா? எ − 2 ஒரு பகா எண்ணின் வர்க்கமா? இரண்டும் இல்லை என்றால் அந்த எண்ணை விட்டுவிடலாம். 27 என்றால் 23 + 2² கிடைக்கிறது, 51 என்றால் 47 + 2², அல்லது 2 + 7². 29-க்கு எதுவும் கிடைக்காது, ஏனென்றால் 25-ம் பகா எண் இல்லை, 27-ம் வர்க்கம் இல்லை. ஒற்றைப்படைக் கதை இவ்வளவுதான். இனி எ இரட்டைப்படை என்றே வைத்துக்கொள்வோம்.

படி 2: 3-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள்

3-ஐத் தவிர எந்தப் பகா எண்ணை வர்க்கமாக்கினாலும் 3-ஆல் வகுத்தால் மீதி 1 வரும். 5² = 25, மீதி 1. 7² = 49, மீதி 1. மீதி 1 உள்ள எண்ணை வர்க்கமாக்கினால் 1, மீதி 2 உள்ளதை வர்க்கமாக்கினால் 4, அதுவும் 1-தான். வேறு வழியே இல்லை.

சரி, எ-யின் மீதியும் 1 என்றால் என்ன ஆகும்? எ − வ² எப்போதும் 3-ஆல் வகுபடும். 3-ஆல் வகுபடும் ஒரே பகா எண் 3. ஆகவே ப = 3 ஆக வேண்டும், அல்லது வ = 3 ஆக வேண்டும். இரண்டே இரண்டு குறுகிய வாசல்கள். 100-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி 1. மேலே 5², 7² இரண்டையும் கழித்தபோது கிடைத்த 75, 51 இரண்டுமே 3-இன் மடங்குகள் என்பதைத் திரும்பிப் பாருங்கள். இதுதான் முதல் காரணம்.

வாசல் குறுகலானால் எப்போதும் மூடியிருக்கும் என்று பொருள் இல்லை. 1000-ஐ 3-ஆல் வகுத்தாலும் மீதி 1-தான். ஆனால் 1000 − 9 = 991 பகா எண். 1000 = 991 + 3². இதைத் தவிர 1000-க்கு வேறு வழி கிடையாது.

3-க்கு மேல் 5, 7, 11 என்று போனால் இப்படி முழுத்தடை வராது. உதாரணமாக 5-ஆல் வகுத்தால் பகா வர்க்கங்களின் மீதி 1-ஆகவும் இருக்கலாம், 4-ஆகவும் இருக்கலாம். ஒன்று அடைபட்டால் மற்றது திறந்திருக்கும். ஆக, தேடத் தகுந்த எண்கள் எவை என்றால், 6-ஆல் வகுக்கும்போது மீதி 0 அல்லது 2 வருபவை. இவற்றை நல்ல எண்கள் என்போம்.

படி 3: கையால் ஒரு முழுத் தேடல்

1002-ஐ எடுப்போம். 6-ஆல் சரியாக வகுபடுகிறது, நல்ல எண். 31² = 961, 37² = 1369. எனவே வ 31 வரை போகலாம். எ 3-இன் மடங்கு என்பதால் வ = 3-ஐ விட்டுவிடலாம், 993 தானாகவே 3-ஆல் வகுபட்டுவிடும். 5-இல் தொடங்குவோம்.

வ = 5: 977, பகா எண்.
வ = 7: 953, பகா எண்.
வ = 11: 881, பகா எண்.
வ = 13: 833 = 7 × 7 × 17.
வ = 17: 713 = 23 × 31.
வ = 19: 641, பகா எண்.
வ = 23: 473 = 11 × 43.
வ = 29: 161 = 7 × 23.
வ = 31: 41, பகா எண்.

ஐந்து வழிகள் கிடைத்துவிட்டன. ஆரம்பத்திலேயே மூன்று வரிசையாக வந்ததைப் பார்த்து எல்லாமே வரும் என்று நினைத்தால் 13-இல் நின்றுவிடும். 713 சற்று ஏமாற்றும் எண். 19 வரை வகுத்துப் பார்த்துவிட்டு நிறுத்தினால் பகா எண் என்றே எழுதிவிடுவோம். வர்க்கமூலம் வரை, அதாவது இங்கே 26 வரை, உள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தால்தான் சோதனை முழுமை.

கழித்தலில் தவறு வராமல் பார்த்துக்கொள்ள ஓர் அழகான வழி இருக்கிறது. கிடைத்த எண்களின் இடைவெளிகளைப் பாருங்கள்: 977-இலிருந்து 953-க்கு 24, 953-இலிருந்து 881-க்கு 72, அப்புறம் 48, 120, 72, 168, 312, 120. எல்லாமே 24-இன் மடங்குகள்! காரணம் எளிது. வ 5 அல்லது அதற்கு மேற்பட்ட பகா எண் என்றால், வ² − 1 என்பது (வ − 1) × (வ + 1). இந்த இரண்டும் அடுத்தடுத்த இரட்டைப்படை எண்கள், அவற்றில் ஒன்று 4-ஆல் வகுபடும், ஆகப் பெருக்கம் 8-ஆல் வகுபடும். மேலும் வ − 1, வ, வ + 1 என்ற மூன்றில் ஒன்று 3-இன் மடங்கு. அது வ இல்லை. எனவே வ² − 1 எப்போதும் 24-ஆல் வகுபடும். வரிசையில் எங்காவது இடைவெளி 24-இன் மடங்காக வரவில்லை என்றால் கழித்தலில் பிழை, உடனே திரும்பிப் பாருங்கள். இந்த 24-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், படி 6-இல் மீண்டும் வரும்.

பயிற்சிக்கு 998-ஐச் செய்து பாருங்கள். அதற்கும் ஐந்து வழிகள்: வ = 11, 13, 17, 29, 31.

படி 4: தேடுவதற்கு முன்பே மதிப்பிடுவது

எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த பகுதி இது. தேடாமலேயே எத்தனை கிடைக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

ஓர் எண் பகா எண்ணாக இருக்கும் வாய்ப்பு, அந்த எண்ணின் இயல் மடக்கையின் (கணிப்பானில் ln) தலைகீழ். 1000 அருகே இயல் மடக்கை சுமார் 6.9, எனவே ஏறக்குறைய ஏழில் ஒன்று. 1002-க்கு 3 முதல் 31 வரை பத்து ஒற்றைப்படை வ-க்கள் உள்ளன. ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் இந்த வாய்ப்பைக் கணக்கிட்டுக் கூட்டினால் 1.67 வருகிறது. சின்ன எண்களுக்கு, உதாரணமாக 41-க்கு, வாய்ப்பு கூடுதல் என்பதால் இந்தக் கூட்டு 10 ÷ 7 = 1.43 என்பதைவிடச் சற்று அதிகம்.

ஆனால் நமக்குக் கிடைத்தது 5. எங்கே இடிக்கிறது? நம் வித்தியாசங்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த எண்கள் இல்லை. அவை எல்லாமே ஒற்றைப்படை. கண்ணை மூடி எடுத்தால் பாதி எண்கள் 2-ஆல் வகுபட்டுத் தொலைந்திருக்கும், இங்கே அந்த இழப்பு இல்லை. எனவே 2-ஆல் பெருக்க வேண்டும்: 3.34. அதுபோல 1002-க்கு, வ = 3 தவிர எந்த வித்தியாசமும் 3-ஆல் வகுபடாது. வழக்கமாக மூன்றில் இரண்டு பங்குதான் தப்பும். இங்கே எல்லாம் தப்புகின்றன. 3/2-ஆல் பெருக்குங்கள்: 5.0. 5-ஐப் பாருங்கள். 1002-இன் மீதி 2; பகா வர்க்கங்களின் மீதி 1 அல்லது 4; கழித்தால் 0 வரவே வராது. 5/4-ஆல் பெருக்கினால் 6.26.

7-இல் நிலைமை மாறுகிறது. 1002-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 1. 1 என்பது ஒரு வர்க்கம். வ-யின் மீதி 1 அல்லது 6 என்றால் வ²-இன் மீதியும் 1, வித்தியாசம் 7-ஆல் வகுபட்டுவிடும். ஆறு மீதிகளில் நான்கு மட்டுமே தப்புகின்றன. வழக்கமான தப்பும் பங்கு 6/7. விகிதம் 7/9. மதிப்பீடு 4.87-க்கு இறங்குகிறது. 1001 = 7 × 11 × 13 என்பதால் 11, 13 இரண்டிலும் 1002-இன் மீதி 1-தான்; அவை ஒவ்வொன்றும் இன்னும் கொஞ்சம் குறைத்து 3.9-க்குக் கொண்டுவந்துவிடும். 17, 19, 23 ஆகியவற்றையும் சேர்த்தால் சுமார் 3.6. உண்மை விடை 5. இவ்வளவு சின்ன எண்ணுக்கு இது நல்ல மதிப்பீடு.

பொது விதி இதுதான். 5 அல்லது அதற்கு மேற்பட்ட ஒரு பகா எண் 'ர' எடுங்கள். எ ர-இன் மடங்காக இல்லாமல், அதன் மீதி ஒரு வர்க்கத்தின் மீதியாக இருந்தால் பெருக்க வேண்டியது ர(ர − 3)/(ர − 1)². இல்லையென்றால் ர/(ர − 1). ர = 3 என்று முதல் வாய்பாட்டில் போட்டால் பூஜ்யம் வருகிறது பாருங்கள்; படி 2-இல் கண்ட தடை இதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

பெரிய எண்களுக்குப் போனால் நம்பிக்கை கூடும். பத்து லட்சத்தை ஒட்டிய ஒரு நல்ல எண்ணுக்கு 1000 வரை 168 பகா எண்கள் இருக்கின்றன. இயல் மடக்கை 13.8. வகுத்தால் 12. 2, 3 இரண்டின் திருத்தம் சேர்ந்து மூன்று மடங்கு, ஆக சுமார் 36 வழிகள். மற்றப் பகா எண்கள் இதைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனாலும் 36 எதிர்பார்க்கும் இடத்தில் ஒன்றுகூட வராமல் போவது மிக மிக அரிது. அப்படியானால் ஒரு கட்டத்துக்கு மேல் எல்லா நல்ல எண்களும் தேறிவிட வேண்டும் அல்லவா?

படி 5: தேறாத எண்களை உற்றுப் பார்ப்பது

6 முதல் 100 வரை, 6-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 2 வரும் எண்களில் தேறாதவை நான்கு: 8, 18, 24, 74. முதல் மூன்றும் மிகச் சிறியவை, முயன்று பார்க்கவே ஆள் இல்லை. 74 மட்டும் தனியாக நிற்கிறது: 65 = 5 × 13, 49 = 7 × 7, 25 = 5 × 5. மூன்று முயற்சி, மூன்றும் நழுவிவிட்டன. இது தற்செயலான தோல்வி. எண்கள் பெரிதாக ஆக இப்படிப்பட்டவை அருகிவிடும்.

ஆனால் தற்செயல் இல்லாத தோல்வி ஒன்று இருக்கிறது. 324-ஐ எடுங்கள். 6-ஆல் வகுபடும் எண், மீதியில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் தேறாது. ஏனென்றால் 324 = 18². வர்க்கத்திலிருந்து வர்க்கத்தைக் கழித்தால் அது காரணிகளாக உடைந்துவிடும்: 18² − வ² = (18 − வ)(18 + வ). இது பகா எண்ணாக வேண்டுமானால் 18 − வ என்பது 1-ஆக இருக்க வேண்டும். அப்படியானால் வ = 17, ப = 35. 35 பகா எண் இல்லை. கதை முடிந்தது. 100 தேறாததற்கு இரண்டாவது காரணமும் இதேதான்: 100 = 10², எனவே வ = 9 ஆக வேண்டும், ஆனால் 9 பகா எண் இல்லை.

பொதுவாக, ஒரு வர்க்க எண் ப + வ² ஆக வேண்டுமானால் வ-யும் பகா எண்ணாக இருக்க வேண்டும், 2வ + 1-ம் பகா எண்ணாக இருக்க வேண்டும். இப்படிப்பட்ட வ-வுக்கு சோஃபி ஜெர்மேன் பகா எண் என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தோடு போராடிய பிரெஞ்சுப் பெண் கணிதவியலாளர் அவர். 36 = 11 + 5², 144 = 23 + 11², 576 = 47 + 23² ஆகியவை தேறுகின்றன. அப்படிப்பட்ட பகா எண்கள் முடிவில்லாமல் இருக்கின்றனவா என்பது இன்றும் விடை தெரியாத கேள்வி.

தேறாத வர்க்கங்கள் முடிவில்லாதவை என்பதை மட்டும் இங்கேயே நிறுவிவிடலாம். 36², 66², 96², 126² என்று 30 கூட்டிக்கொண்டே போங்கள். வ 35, 65, 95, 125 ஆக வேண்டும். எல்லாம் 5-இன் மடங்குகள். ஒன்றுகூடத் தேறாது. ஆகவே "போதிய அளவு பெரிய எல்லா நல்ல எண்களும் ப + வ²" என்ற கூற்று பொய். மீதிகளை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று இருந்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

ஆங்கிலேயக் கணிதவியலாளர்கள் ஹார்டியும் லிட்டில்வுட்டும் 1923-இல் இதற்கு நெருங்கிய ஒரு கேள்வியை வைத்தார்கள். வர்க்கமாக்கப்படும் எண் பகா எண்ணாக இருக்கத் தேவையில்லை, எந்த முழு எண்ணாகவும் இருக்கலாம் என்றால்? போதிய அளவு பெரிய எண் ஒவ்வொன்றும் ஒன்று அதுவே ஒரு வர்க்கம், இல்லையென்றால் ஒரு பகா எண்ணும் ஒரு வர்க்கமும் சேர்ந்தது என்பது அவர்களது ஊகம். வர்க்கங்களை அவர்களும் ஒதுக்கிவைத்ததைக் கவனியுங்கள். 10, 34, 58, 85, 91 என்று தொடங்கும் தேறாத எண்களின் பட்டியலில் இதுவரை தெரிந்தவற்றுள் கடைசி 21679.

இதற்கு முன்னோடியாக ஒரு பழைய கதையும் உண்டு. ஒற்றைப்படைப் பகு எண் ஒவ்வொன்றும் ஒரு பகா எண்ணும் ஒரு வர்க்கத்தின் இருமடங்கும் சேர்ந்தது என்று கோல்ட்பாக் 1752-இல் ஆய்லருக்கு எழுதினார். ஒரு நூற்றாண்டு கழித்து ஸ்டெர்ன் என்ற ஜெர்மன் கணிதவியலாளர் பொறுமையாகத் தேடி இரண்டு எதிர்ச்சான்றுகளைக் கண்டெடுத்தார்: 5777, 5993. வேறு எதுவும் இன்றுவரை அகப்படவில்லை.

படி 6: இன்னோர் உறுப்பைச் சேர்த்துப் பார்ப்பது

இரண்டு உறுப்புகள் போதவில்லை என்றால் மூன்று. ஒற்றைப்படை எண்ணை ப₁ + ப₂ + வ² என்று எழுத முயன்றால் தடைகள் எல்லாம் மறைந்துவிடுகின்றன. எளிய வழி: 9-ஐக் கழியுங்கள், மிச்சம் இரட்டைப்படை, அதை இரண்டு பகா எண்களாகப் பிரியுங்கள். 4 முதல் எல்லா இரட்டைப்படை எண்களையும் இப்படி இரண்டு பகா எண்களாகப் பிரிக்கலாம் என்ற கோல்ட்பாக்கின் புகழ்பெற்ற ஊகம் 4 × 10¹⁸ வரை கணினியில் சரிபார்க்கப்பட்டிருப்பதால், 13 முதல் அந்த எல்லை வரை ஒவ்வோர் ஒற்றைப்படை எண்ணும் இரண்டு பகா எண்களும் 3²-ம் சேர்ந்ததுதான். எல்லைக்கு அப்பால் ஊகத்தை நம்பாமலேயே நிறுவ முடியுமா? முடியும். 1938-இல் சீனக் கணிதவியலாளர் ஹுவா லோகெங், போதிய அளவு பெரிய ஒற்றைப்படை எண் ஒவ்வொன்றும் இந்த வடிவில் வரும் என்று நிறுவினார்.

ஒரு பகா எண், இரண்டு பகா வர்க்கங்கள் என்றால் மீண்டும் 3 குறுக்கே வரும். வர்க்கங்கள் இரண்டும் சேர்ந்து மீதி 2 தருவதால், எ-யின் மீதி 2 என்றால் யாராவது ஒருவர் 3-ஆக இருக்க வேண்டும். 103-இன் மீதி 1, எனவே தாராளம்: 53 + 5² + 5², 29 + 5² + 7², 5 + 7² + 7². வர்க்கங்கள் பகா எண்ணுடையவையாக இருக்க வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தால், போதிய அளவு பெரிய ஒவ்வோர் எண்ணும் ஒரு பகா எண்ணும் இரண்டு வர்க்கங்களும் சேர்ந்தது என்பதை லின்னிக் 1960-இல் நிறுவினார்.

பகா எண்களே வேண்டாம், பகா வர்க்கங்கள் மட்டும் போதும் என்றால்? இங்கேதான் அந்த 24. 5-இலிருந்து தொடங்கும் எல்லாப் பகா வர்க்கங்களும் 24-ஆல் வகுத்தால் மீதி 1 தருகின்றன. ஐந்தைக் கூட்டினால் மீதி 5. எனவே 24-ஆல் வகுத்து மீதி 5 வரும் எண்கள்தான் தகுதியானவை. 149 = 7² + 5² + 5² + 5² + 5². 101 = 7² + 5² + 3² + 3² + 3², இங்கே 3-இன் உதவி தேவைப்பட்டது. 29, 53 இரண்டும் தேறாது. ஆனால் போதிய அளவு பெரிய எண்கள் எல்லாம் தேறும். இதையும் ஹுவா அதே 1938-இல் நிறுவினார்.

ஹுவாவைப் பற்றி ஒரு வரியாவது சொல்லாமல் போக மனம் வரவில்லை. கட்டணம் கட்ட முடியாமல் படிப்பை விட்டு, அப்பாவின் சின்னக் கடையில் உட்கார்ந்துகொண்டே கணிதம் கற்றவர் அவர். பட்டம் எதுவும் இல்லாமலேயே 1936 முதல் 1938 வரை கேம்பிரிட்ஜில் இருந்த காலத்தில் இந்தத் தேற்றங்களை எழுதினார்.

படி 7: நிரூபணம் எங்கே வெல்கிறது, எங்கே நிற்கிறது

இதற்கான கருவி வட்ட முறை. பிறப்பிடம் ஹார்டியும் ராமானுஜனும் சேர்ந்து 1918-இல் வெளியிட்ட கட்டுரை. அது எண்களைப் பிரிவினைகளாக எழுதும் வழிகளின் எண்ணிக்கை பற்றியது. ஹார்டியும் லிட்டில்வுட்டும் அதைக் கூட்டல் கேள்விகளுக்கெல்லாம் விரித்தார்கள். வாரிங் கேள்வி, அதாவது வர்க்கம், கனம் போன்ற அடுக்குகளாக எண்களைப் பிரிக்கும் கேள்வி, அவற்றில் ஒன்று. அதில் நம் ஊர்க்காரரான எஸ். எஸ். பிள்ளைக்குப் பெரிய இடம் உண்டு. குற்றாலத்துக்கு அருகே வல்லத்தில் பிறந்த அவர், எந்த எண்ணுக்கும் 73 ஆறாம் அடுக்குகள் போதும் என்று 1940-இல் நிறுவினார்.

முறையின் சாரம் இது. ஒவ்வொரு பகா எண்ணுக்கும் ஒரு கடிகார முள் இருப்பதாக நினையுங்கள். வட்டத்தில் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்தால், பகா எண்ணுக்கு ஏற்ற அளவு முள் சுழலும். எல்லா முட்களையும் கூட்டுங்கள். தேர்ந்தெடுத்த புள்ளி 1/2, 1/3, 2/5 போன்ற எளிய பின்னத்துக்குப் பக்கத்தில் இருந்தால் முட்கள் ஒரே பக்கம் சாய்ந்து கூட்டு பெரிதாகும். இந்தப் பகுதிகளைப் பெருவில் என்போம். மற்ற இடங்களில் முட்கள் நாலாபக்கமும் திரும்பி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், அவை சிறுவில். பெருவில்களிலிருந்து கிடைப்பது வேறு எதுவும் இல்லை, படி 4-இல் நாம் கையால் போட்ட அதே மதிப்பீடுதான், 2-க்கு, 3-க்கு, 5-க்கு என்று ஒவ்வொரு திருத்தமும் அச்சு அசலாக வரும். அங்கே எழும் கூட்டுகளுக்கு ராமானுஜன் கூட்டு என்றே பெயர். சிறுவில்களின் பங்கு அதைவிடச் சிறியது என்று காட்டுவதுதான் முழு உழைப்பும். பகா எண்களுக்கு அதைச் செய்து காட்டியவர் வினோகிராதோவ், 1937-இல்.

அளவுகளை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்போம். மடக்கைகளை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். ப₁ + ப₂ + வ²-க்கு, பகா எண்களில் தேர்வுகள் எ × எ, வர்க்கத்தில் √எ. மொத்தம் இரண்டரை அடுக்கு. அவை சுமார் எ எண்களுக்குப் பங்கிடப்படுகின்றன. ஆக ஓர் எண்ணுக்கு எ-யின் ஒன்றரை அடுக்கு வழிகள். இனிச் சிறுவில். பகா எண்களின் கூட்டை வர்க்கமாக்கி வட்டம் முழுக்கச் சராசரி எடுத்தால் சுமார் எ. வர்க்கங்களின் கூட்டு அதிகபட்சம் √எ. பெருக்கினால் அதே ஒன்றரை அடுக்கு. சமநிலை! சிறுவில்லில் வர்க்கக் கூட்டு √எ-யைவிடக் கொஞ்சம் சிறியது என்று காட்டினாலே போதும், தராசு நம் பக்கம் சாய்ந்துவிடும். அந்தக் கொஞ்சத்தைத்தான் வினோகிராதோவின் வழி தருகிறது.

ப + வ²-க்கு இதே கணக்கைப் போடுங்கள். எதிர்பார்க்கும் வழிகள் அரை அடுக்கு, அதாவது √எ. சிறுவில்லுக்கு இந்த வழியில் கிடைக்கும் எல்லை √எ (பகா கூட்டின் சராசரி அளவு) × √எ (வர்க்கக் கூட்டின் அதிகபட்சம்) = எ. சமநிலைக்கே √எ மடங்கு குறைக்க வேண்டும், கொஞ்சம் குறைத்தால் போதாது. தராசு அந்தப் பக்கம் விழுந்துவிடுகிறது.

ஆனால் ஒவ்வோர் எண்ணாகப் பார்க்காமல் எ வரையுள்ள எல்லா எண்களையும் சேர்த்துப் பாருங்கள். பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டினால் வட்டத்தின் மேல் பகா கூட்டின் வர்க்கமும் வர்க்கக் கூட்டின் வர்க்கமும் பெருகி வரும்: எ × எ. எதிர்பார்க்கும் வழிகளின் வர்க்கங்களைக் கூட்டினாலும் எ எண்கள், ஒவ்வொன்றுக்கும் (√எ)², மீண்டும் எ × எ. திரும்பவும் சமநிலை, திரும்பவும் அந்தக் கொஞ்சம் போதும். அதனால்தான் ப + வ²-க்கு ஹுவா நிறுவியது "கிட்டத்தட்ட எல்லா" என்ற வடிவில் இருக்கிறது: 6-ஆல் வகுத்து மீதி 0 அல்லது 2 வரும் எண்களில் தேறாதவற்றின் பங்கு பூஜ்யத்தை நோக்கிப் போகிறது. படி 5-ஐ நினைத்துப் பாருங்கள். 36², 66², 96² என்று தேறாத எண்கள் முடிவில்லாமல் இருக்கும்போது, "எல்லா" என்று ஒரு தேற்றம் வரவே முடியாது. வர்க்கங்களை விலக்கிவிட்டு "எல்லா" என்று சொல்ல முடியுமா என்பதுதான் இன்றும் திறந்திருக்கும் கேள்வி.

படி 8: கணினியில் பத்து லட்சம் வரை

பைதான் தெரிந்தால் இருபது வரிகளில் முடியும். முதலில் எரடோஸ்தனீஸ் சல்லடை (ஒவ்வொரு பகா எண்ணின் மடங்குகளையும் அடித்துக்கொண்டே போகும் முறை) போட்டு பத்து லட்சம் வரை பகா எண்களைப் பட்டியலிடுங்கள்; 78498 வர வேண்டும், வரவில்லை என்றால் சல்லடையில் ஓட்டை. அடுத்து, பத்து லட்சம் இடங்கள் கொண்ட ஒரு வரிசையைப் பூஜ்யங்களால் நிரப்புங்கள். 1000 வரையுள்ள 168 பகா எண்களை வ-ஆக ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொரு ப-க்கும் ப + வ² என்ற இடத்தில் ஒன்று கூட்டுங்கள். எல்லை தாண்டினால் அடுத்த வ-வுக்குப் போய்விடுங்கள். அதிகபட்சம் 1.3 கோடி கூட்டல்கள்தான், சாதாரண மடிக்கணினிக்குப் பெரிய வேலை இல்லை. ஒவ்வொரு எ-க்கும் தனியாக வ-வைத் தேடுவதைவிட இது வேகமானது, எத்தனை வழிகள் என்ற எண்ணிக்கையும் இலவசமாகக் கிடைக்கும்.

பிறகு 6-ஆல் வகுத்து மீதி 0 அல்லது 2 வரும் இடங்களில் பூஜ்யமாகவே நிற்பவற்றை அச்சிடுங்கள். 6-இலிருந்து 100 வரை 8, 18, 24, 74 மட்டும் வர வேண்டும். 1002-இல் 5 இருக்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் நிரலை நம்பலாம். இப்போது பட்டியலில் உள்ள வர்க்கங்களை அடித்துவிடுங்கள்: 324, 1296, 2304, 3600 என்று அவை கடைசி வரை வந்துகொண்டே இருக்கும், பத்து லட்சத்தைத் தாண்டினாலும் வரும். அடித்த பின் மிஞ்சும் எண்கள் 74-இன் சொந்தக்காரர்கள். தொடக்கத்தில் நெருக்கமாகவும், போகப் போக அரிதாகவும் இருப்பார்கள். அவர்களுள் கடைசி எண் எது என்று உங்கள் திரையிலேயே பார்த்து, நோட்டில் குறித்துக்கொண்டு, எல்லையைப் பத்து மடங்காக்கி மீண்டும் ஓடவிடுங்கள்.